கடதாசியில்லாச் சித்திரம்

மாணவர்க்கு வரைபலகை வாங்க எண்ணும் பெற்றோருக்கு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. அந்தச் சுவர் காலந்தோறும் வடிவம் மாறி வந்திருக்கின்றது. குகைப் பாறையாகவும், கோயிற் சுவராகவும், துணியாகவும், கடதாசியாகவும் இருந்த அது, இன்று மெல்லிய கறுப்புத் தட்டொன்றாக மாணவனின் மேசைமீது வந்து அமர்ந்திருக்கின்றது. அதன்மேல் பேனையாற் கீறினால் அங்கே ஒரு கோடும் விழுவதில்லை. கோடு விழுவது எதிரே நிற்கும் கணினித் திரையில்! கடைகளில் ‘கிராபிக்ஸ் டப்லட்’ என்றோ ‘பென் டப்லட்’ என்றோ கேட்டால் எடுத்துத் தருவது இதனையே. இக்கட்டுரையில் இதனை வரைபலகை என்று குறிப்பிடுவோம்.

சித்திரத்தில் நாட்டமுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இவ்வரைபலகை பற்றிய பேச்சு என்றாவது ஒருநாள் எழவே செய்கின்றது. வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஓவியனாகிவிடுவானா? கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பின்தங்கி விடுவானா? இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே பெற்றோர் தடுமாறுகின்றனர். ஆசையோடு வாங்கிய கருவி ஒரு மாதத்துள் அலுமாரியின் மேற்றட்டுக்கு ஏறிவிடுவதும் உண்டு. பணம் போவது ஒரு நட்டம்; ‘எனக்குச் சித்திரம் வராது’ என்ற எண்ணம் பிள்ளையின் மனத்திற் பதிந்துவிடுவது அதனினும் பெரிய நட்டம். இரண்டையும் தவிர்க்க வேண்டுமாயின் கருவியின் இயல்பை அறிந்து வாங்கவேண்டும். அறிந்து பழகவும் வேண்டும்.

பிறந்த கதை

பேனையின் அசைவைக் கம்பிவழியே அனுப்பும் எண்ணம் புதியதன்று. எலிஷா கிரே என்னும் அமெரிக்கர் 1888ஆம் ஆண்டிலேயே, ஓரிடத்தில் ஒருவர் எழுதுவதைத் தொலைவிலுள்ள மற்றொரு பேனை அப்படியே எழுதிக்காட்டும் கருவியொன்றுக்கு உரிமை பெற்றார். கணினியோடு இணைந்த வரைபலகைகளுள் முன்னோடியாகப் பெயர்பெற்றது, அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 1964இல் வெளியிட்ட ‘ராண்ட் டப்லட்’ ஆகும். ஏறக்குறைய 10 அங்குலச் சதுரமான அப்பலகை, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை வேறுபிரித்து அறிந்தது. அதன் விலையோ 18,000 டொலர்! ஆராய்ச்சிக்கூடங்களன்றி வேறெவரும் அதனை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1983இல் வீட்டுக் கணினிகளுக்கான ‘கோலா பாட்’ என்னும் சிறு பலகை சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் யப்பானில் வாக்கொம் நிறுவனம் தோன்றி, பேனைக்கும் பலகைக்கும் இடையே கம்பியில்லாத வரைபலகையைப் பரப்பியது. பின்னர்ச் சீன நிறுவனங்களும் போட்டிக்கு வந்தன. இன்று தொடக்க மாணவனுக்குப் போதுமான வரைபலகை, உலகச் சந்தையில் 50 டொலருக்குள்ளேயே கிடைக்கின்றது. இங்கே வந்து சேரும்போது தீர்வையும் வியாபாரியின் இலாபமும் அதனோடு சேருமாயினும், நடுத்தரக் குடும்பத்துக்கு முற்றிலும் எட்டாத பொருள் அன்று.

வேலைசெய்யும் விதம்

வரைபலகையின் அடியில் நுண்ணிய கம்பிகள் வலைபோற் பின்னப்பட்டிருக்கின்றன. அவை மெல்லிய மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. பேனையின் உள்ளே இருக்கும் சிறு கம்பிச் சுருள் அவ்வலையிலிருந்து ஆற்றலைப் பெற்று, எதிரொலிபோலத் திருப்பி அனுப்புகின்றது. அவ்வெதிரொலி எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டு பேனைமுனை நிற்கும் இடத்தைப் பலகை கணித்துவிடுகின்றது. ஒரு செக்கனில் இருநூறு தடவைக்கு மேலாக இது நிகழ்கின்றது. முனையை அழுத்தும்போது எதிரொலியின் அதிர்வு சற்றே மாறும். அம்மாற்றமே கோட்டின் தடிப்பாகவோ நிறத்தின் அடர்த்தியாகவோ திரையில் தோன்றுகின்றது. இம்முறையில் இயங்கும் பேனைக்குப் பற்றரி வேண்டியதில்லை. பற்றரி உள்ள பேனையைவிட இது எடை குறைந்தது. நெடுநேரம் வரையும் கைக்கு இதமானது.

எதனைத் தெரிவது?

வரைபலகைகள் இருவகைப்படும். திரையில்லாப் பலகை ஒன்று. திரையின்மேலேயே வரையத்தக்க பலகை மற்றொன்று. பின்னையதில் கண்ணும் கையும் ஓரிடத்தில் இருப்பதால் பழகுவது எளிது. ஆனால் விலை பன்மடங்கு அதிகம். அவற்றுட் பல கணினியின் துணையின்றி இயங்கா. குனிந்தே இருப்பதாற் கழுத்தும் நோகும். முதன்முதலாக வாங்குவோர்க்குத் திரையில்லாப் பலகையே தக்கது. அதிற் பழகி ஓராண்டு கழிந்தும் ஆர்வம் குன்றாத பிள்ளைக்கு மற்றையதைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து அளவு. பலகையின் வரையும் பரப்பு முழுவதும் திரை முழுவதற்கும் ஈடாகின்றது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். 20 அங்குல அகலமான திரைமுன் 6 அங்குல அகலப் பலகையில் வரைந்தால், கை ஓர் அங்குலம் நகரக் கோடு மூன்று அங்குலத்துக்கு மேல் ஓடும். கையின் சிறு நடுக்கமும் மும்மடங்காகும். 10 அங்குலப் பலகையில் அஃது இருமடங்கே. ஆகவே மேசையில் இடமும் கையிற் பணமும் இருப்பின், ஏறத்தாழ 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட நடுத்தர அளவே சிறந்தது. மடிக்கணினி வைத்திருப்போர்க்கு 6க்கு 4 அங்குலப் பலகையும் போதும்.

பெட்டியின்மீது பெரிய எழுத்திற் பொறித்திருக்கும் எண்களைக் கண்டு மயங்கலாகாது. அழுத்தப் படிகள் 8192 என்றும் 16384 என்றும் விளம்பரம் செய்வர். 2048 படிகளே பழகுநர்க்குத் தாராளம். அதற்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. எத்தனை மெல்லிய தொடுகையைப் பேனை ஏற்கின்றது என்பதே உண்மையான தரம்.

இதனைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பேனையின் எடையளவே அழுத்தி ஒரு கோடு கீறிப் பாருங்கள், கோடு விழுகின்றதா? அடிமட்டத்தை வைத்துச் சரிவாக, மிக மெதுவாக மற்றொரு கோடு கீறுங்கள். நெளிகின்றதா, நேராகச் செல்கின்றதா? பலகையின் நான்கு மூலைகளிலும் அவ்வாறே செய்யுங்கள். மேலும் மூன்று வினாக்களை வியாபாரியிடம் கேளுங்கள். மாற்று முனைகள் தனியே கிடைக்குமா? வீட்டிலுள்ள கணினியோடு இது இணங்குமா? பழுதானாற் பொறுப்பேற்பவர் யார்? விடை திருப்தியாக இல்லாவிடில் வேறு கடை பார்ப்பதே நன்று. கணினியில்லாத வீட்டினர், ‘அன்ட்ராய்ட்’ கைத்தொலைபேசியோடு இணையும் பலகைகளும் உள என்பதை அறிதல் நலம். ஆயினும் தொலைபேசியை நிமிர்த்தி வைத்து வரையும்போது பலகையில் ஒரு பகுதி மட்டுமே பயன்படுவது வழக்கம்.

வரைவதற்குரிய மென்பொருளுக்காகப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. ‘கிரிட்டா’ என்பது ஓவியத்துக்கென்றே ஆக்கப்பட்டு, இலவசமாக வழங்கப்படுவது. எழுத்தலங்காரத்துக்கும் சின்னங்கள் வரைவதற்கும் ‘இங்க்ஸ்கேப்’ உண்டு. இவை இருக்கத் திருட்டுப் பிரதிகளை நாடுவது ஏன்?

பழகும் முறை

முதல் வாரமே சோதனைக் காலம். கடதாசியில் அழகாக வரையும் பிள்ளைக்கும், கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருப்பதாற் கோடு கோணலாகும். ‘முன்பு வந்தது இப்போது வரவில்லையே’ என்று மனம் சோர்வதும் இப்போதுதான். இது திறமைக் குறைவன்று. கண்ணும் கையும் செய்துகொள்ளவேண்டிய புதிய உடன்பாடு. நாள்தோறும் அரை மணி நேரம் பழகினாற் சில வாரங்களில் அது கைகூடும். அதுவரை பெற்றோர் குறைகூறாதிருப்பது பேருதவியாகும்.

தொடங்குமுன் சில ஒழுங்குகள் வேண்டும். பலகைக்குரிய இயக்கிமென்பொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெறுங்கள். முன்பு வேறு பலகை பாவித்திருந்தால் அதன் இயக்கியை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒருங்கே இருப்பின் அழுத்தம் வேலைசெய்யாது போகலாம். பலகையைத் திரைக்கு நேரே, கோணாமல் வையுங்கள். ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அது முட்டைபோல் நீண்டால், பலகையின் நீள அகல விகிதம் திரையினதோடு ஒத்துவரவில்லை என்பது பொருள். இயக்கியின் அமைப்பில் அதனைத் திருத்தலாம்.

பின்னர்ப் பயிற்சி. முதலிற் சித்திரம் வேண்டா, கோடு போதும். இரு புள்ளிகளை இட்டு, மணிக்கட்டை மட்டும் திருப்பாமல் முழங்கையோடு சேர்த்து அசைத்து, ஒரே இழுப்பில் இணைக்கப் பழகவேண்டும். பிறகு மெல்லெனத் தொடங்கி, நடுவில் அழுத்தி, மெல்லென முடியும் கோடுகள்; பிறகு வட்டங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு நல்ல பயிற்சியும் கைவசம் உண்டு. இ, ஞ, ணை, ழ என்னும் எழுத்துக்களைப் பெரிதாக எழுதிப் பார்க்கலாம். அவற்றின் சுழிகளும் வளைவுகளும் கைக்கு எல்லாத் திசைகளிலும் ஓட்டம் தருவன.

படம் தொடங்கும்போது தாளின் அளவை முதலிலே தீர்மானித்தல் வேண்டும். அச்சிட எண்ணினால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொதுவிதி. அதன்படி ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 புள்ளிகள் தேவை. சிறிதாக வரைந்து பின்பு பெரிதாக்கினாற் படம் மங்கிவிடும். மாதிரிக்கோடு ஓர் அடுக்கிலும், முடிவுக்கோடு மற்றோர் அடுக்கிலும், நிறம் வேறோர் அடுக்கிலும் இருக்கட்டும். ஒன்றைத் திருத்தும்போது மற்றவை கெடாமல் நிற்கும். மின்சாரம் தடைப்படுவது எதிர்பாராதது. ஆகவே அடிக்கடி சேமிப்பதை வழக்கமாக்குக. அடுக்குகளோடு கூடிய மூலப்பிரதி எப்போதும் தனியே இருத்தல் வேண்டும்.

இக்கருவி தரும் மிகப்பெரிய வசதியே மிகப்பெரிய ஆபத்தும் ஆகும். அதுவே ‘மீட்டல்’. தவறிய கோட்டை ஒரு விசைத்தட்டலில் இல்லாமற் செய்யலாம். அழிறப்பரின் தழும்பும் இல்லை. கடதாசி வீணாவதும் இல்லை. ஆயினும் ஒரே கோட்டை முப்பது தடவை போட்டு முப்பது தடவை மீட்கும் பிள்ளை, பார்த்து வரையும் பொறுமையை இழந்துவிடுகின்றது. மீட்டலைத் தொடாமல் ஒரு முழுப்படத்தை வரைந்து முடிப்பது வாரத்துக்கு ஒருமுறையேனும் செய்யவேண்டிய பயிற்சி.

பென்சிலைக் கைவிடலாமா?

கூடாது. பழைய கருவியா புதிய கருவியா என்ற வழக்கு உண்மைக் கலைஞரிடம் எழுவதில்லை. பிரித்தானிய ஓவியர் டேவிட் ஹொக்னி, வாழ்நாளெல்லாம் தூரிகையும் வர்ணமும் கையாண்டவர். எழுபது வயதைக் கடந்தபின் கைத்தொலைபேசியிலும் ‘ஐபாட்’ பலகையிலும் வரையத் தொடங்கினார். 2018இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் திறந்துவைக்கப்பட்ட வர்ணக் கண்ணாடி யன்னலொன்றுக்கு அவர் ‘ஐபாட்’டிலேயே மாதிரி வரைந்தார். புதுக்கருவி அவருக்குப் பயன்பட்டது, அதற்குமுன் பல்லாண்டுகள் கண் பழகியிருந்தமையால் அன்றோ!

சொற்களைக் கொடுத்தாற் படத்தை ஆக்கித்தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலம் இது. ‘இனிக் கையால் வரையக் கற்பானேன்?’ என்று கேட்போரும் உளர். வாழைமரத்தைப் பார்த்து வரையும் பிள்ளை, இலையின் நரம்பு நடுத்தண்டிலிருந்து எவ்வாறு பிரிகின்றது என்பதைக் காண்கின்றது. காற்று எங்கே இலையைக் கிழிக்கின்றது, நிழல் எங்கே பச்சையை நீலமாக்குகின்றது என்பவற்றையும் காண்கின்றது. அக்காட்சி அப்பிள்ளைக்கே சொந்தம். ஆக்கித் தரப்பட்ட படம் அதனைத் தராது.

ஆதலால் பெற்றோர்க்கு ஒரு யோசனை. வரைபலகை வாங்குமுன் ஒரு சித்திரக் கொப்பியும் இரண்டு பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். அக்கொப்பியைப் பிள்ளை தானாகவே நிரப்பிக்கொண்டு வந்து நின்றால், தயங்காமற் கடைக்குச் செல்லுங்கள். கொப்பி வெறுமையாகவே கிடந்தால், பணம் மிச்சம். பிள்ளையின் நாட்டம் வேறெங்கே இருக்கின்றது என்று அன்போடு தேடிப்பார்க்கலாம்.