பொய்யாவது யாது?

உண்மை, வாய்மை, மெய்ம்மை என்னும் மூன்றும் ஒருபொருட் சொற்களாக வழங்கினும், உள்ளத்தொடு பட்டது உண்மை, வாயொடு பட்டது வாய்மை, மெய்யொடு பட்டது மெய்ம்மை எனப் பகுத்துணர்தல் சான்றோர் மரபு. எனவே, இவற்றின் மறுதலையாகிய பொய்யும் வாயளவில் நிற்பதன்று என்பது பெறப்படும்.

நிகழாதது கூறலே பொய் என்பாருமுளர். அற்றன்று. கயிற்றைப் பாம்பெனக் கண்டு ‘பாம்பு’ என்று கூவுவான்பால் உள்ளது திரிபுணர்ச்சியே. சிவஞான சித்தியார் அளவையியலுள் ஐயமும் திரிபும் காட்சியின் குற்றங்களாக வைக்கப்பட்டன. அவை அறிவின் குற்றம். பொய்யோ கருத்தின் குற்றம். ஆதலின், தான் அறிந்ததற்கு மாறாகப் பிறர் உணர்தல் வேண்டுமென்னும் கருத்தொடு செய்வது யாதோ அதுவே பொய் என்க.

அது மூவகைப்படும். அண்ணாமலையில் அழற்பிழம்பாய் நின்ற பெருமானது முடியைக் கண்டதாக அயன் கூற, தாழம்பூ அதற்குச் சான்றுரைத்தது வாயாற் செய்த பொய். அதனாலன்றோ தாழை சிவபூசைக்கு ஆகாதாயிற்று!

முத்தநாதன் திருநீறு பூசிச் சடைபுனைந்து, ஏட்டுக்கட்டினுள் படையை மறைத்துத் திருக்கோவலூர் புகுந்தது மெய்யாற் செய்த பொய். ஆகமம் உரைப்பதாக அவன் வாய்திறந்தது பின்னர். வாயிலைக் கடப்பித்தது வேடமே. அவ்வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்ட நாயனார்பால் குற்றமில்லை, பொய் புனைந்தவனதே.

மூன்றாவது நுண்ணிது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுறப் புகுந்த சுந்தரர், சந்நிதியில் தாம் சூளுறும்போது மகிழின்கீழ் இருந்தருளுமாறு இறைவனை முன்னரே வேண்டிக்கொண்டார். சொல் முழுதும் நிற்க, அதன் பிணிப்பு மட்டும் கழலவேண்டுமென்பது கருத்து. இறைவனோ சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்தி, மகிழின்கீழேயே சூளுறச் செய்தான். அச்சூளைத் தப்பி ஒற்றியூரெல்லை கடந்த அளவிலே கண்கள் மறைந்தன.

தம்பிரான் தோழர்க்கு இஃது இழுக்காகாதோ எனின், ஆகாது. உள்ளத்துக் கரவு தோழமையாலும் மறைக்கப்படாதென உலகிற்கு அறிவுறுத்திய அருட்செயல் அது என்க. சேக்கிழார் பெருமானும் அதனை ஒளித்திலர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. போளூரிலுள்ள எமக்கு அண்மையிலுள்ள ஆரணி பட்டு நெசவுக்குப் பேர்பெற்றது. பட்டின் தூய்மைக்குச் சான்றாக 2004-ஆம் ஆண்டு முதல் ‘சில்க் மார்க்’ என்னும் முத்திரை வழங்கி வருகின்றது. அது பட்டிழைக்கே சான்று, சரிகைக்கு அன்று. நற்சரிகை, பட்டிழைமேல் வெள்ளித்தகடு சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலியில் வெள்ளிக்கீடாகச் செம்பு நிற்கும். ‘சரிகை நல்லதோ?’ என்று வினவுவார்க்கு, செம்புச்சரிகை என்றறிந்த வணிகன் வாளா அம்முத்திரையைச் சுட்டுவானாயின், முத்திரையும் மெய். அவன் சொன்ன பொய்ச்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் அவன் பொய்யனே.

குற்றமற்ற நன்மை பயக்குமிடத்துப் பொய்யையும் வாய்மையின்பாற் படுத்தார் வள்ளுவர் எனின், அது பிறர் நலம் நோக்கியது. தன் ஊதியம் நோக்கியதன்று. ஆதலின், ‘யான் சொன்னது மெய்தானே’ என்று அமைதலை விடுத்து, ‘கேட்டார் என்ன உணர வேண்டுமென எண்ணினேன்?’ என்று தம் நெஞ்சை வினவுதலே சிவநெறி நிற்பார்க்குக் கடன். நெஞ்சினுள் நிற்பான் அதனை அறிவான்.