சரிபாதிப் பங்கு

‘பங்காளி’ என்ற சொல் காதில் விழுந்தால் நம் வீடுகளில் யாருக்கும் லாபக் கணக்கு ஞாபகம் வருவதில்லை. வரப்புத் தகராறும், கிணற்றுத் தகராறும், மூன்று தலைமுறையாக முடியாத கோர்ட்டு வழக்கும்தான் ஞாபகம் வரும். ஒரே பாட்டனார் சொத்தைப் பிரித்துக் கொள்கிறவர்கள் பாடே இப்படி. அப்படியிருக்க, பல தலைமுறைகளாக ஒருவரை ஒருவர் சந்தேகித்தே வந்த இரண்டு ஜனங்கள் ஒன்றுசேர்ந்து, சுமார் 100 கோடி டாலர் பெறுமானமுள்ள ஒரு கம்பெனியை ஆளுக்குப் பாதியாக வாங்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

நடந்த இடம் கனடா தேசம். அதன் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரக் கரையில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம். வெள்ளையர் கப்பல் அங்கே தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் மிக்மாக் என்ற பூர்வகுடி மக்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘செவ்விந்தியர்’ என்று நாம் படித்தோமே, அவர்களில் ஒரு பிரிவினர். அந்தப் பெயரை இப்போது அவர்கள் விரும்புவதில்லை; நாமும் விட்டுவிடுவோம்.

அந்தக் கடலின் பெரிய சம்பத்து சிங்கி இறால். நம் கன்னியாகுமரிக் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு நீண்ட மீசைதான் உண்டு. அட்லாண்டிக் சிங்கிக்கோ முன்னால் இரண்டு பெரிய இடுக்கிகள் வேறு. அஜாக்கிரதையாகக் கையை நீட்டினால் விரல் போய்விடும்! 1976-ல் ஜான் ரிஸ்லி, காலின் மக்டொனால்டு என்ற மைத்துனர் இருவர் இந்த இறாலை ஒரு சிறு லாரியில் வைத்து விற்கத் தொடங்கினார்கள். அதுதான் கிளியர்வாட்டர் கம்பெனி. நாற்பது வருஷங்களில் அது எப்படி வளர்ந்தது தெரியுமா? கரையிலிருந்து 50 கடல்மைலுக்கு அப்பால் சிங்கி இறால் பிடிக்க அரசாங்கம் கொடுத்திருந்த லைசென்ஸ்கள் மொத்தம் எட்டு. எட்டும் கிளியர்வாட்டர் கையில்!

இனி மறுபக்கம். அதே மாகாணத்தில் சிட்னி என்று ஒரு துறைமுக நகரம். (ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி அல்ல.) அந்தத் துறைமுக ஓரத்தில் மிக்மாக் மக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் அங்கே இருப்பது ஊருக்கு இடைஞ்சல் என்று வழக்குப் போட்டு, 1916-ல் தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள். 1926-ல் அத்தனை குடும்பங்களும் தண்ணீர்க் கரையை விட்டு மேட்டு நிலத்துக்கு மாற்றப்பட்டன. அந்தப் புதுக் குடியிருப்பின் பெயர் மெம்பர்ட்டு.

அந்த மெம்பர்ட்டுவில் பிறந்தவர்தான் டொனால்டு மார்ஷல். 1971-ல், பதினேழு வயதில், செய்யாத கொலைக்காகச் சிறை சென்றார். பதினோரு வருஷம் உள்ளே இருந்தார். 1983-ல் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. இத்தனை பட்ட பிறகு மனிதர் நிம்மதியாக விலாங்கு மீன் பிடித்துப் பிழைக்கலாம் என்று பார்த்தார். 1993-ல் 463 பவுண்டு விலாங்கு பிடித்து, 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உடனே வந்தது வழக்கு: லைசென்ஸ் இல்லை, இது பருவமும் இல்லை, விற்றதும் குற்றம்!

மார்ஷல் தரப்பு ஒரு பழைய காகிதத்தை எடுத்து நீட்டியது. 1760, 61-ம் வருஷங்களில் பிரிட்டிஷ் ராஜாவுக்கும் மிக்மாக் மக்களுக்கும் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை அது. பிடித்ததைக் கொண்டுவந்து விற்று வேண்டியதை வாங்கிக் கொள்ள அதில் இடம் இருக்கிறது என்று வாதாடினார்கள். 1999 செப்டம்பர் 17-ம் தேதி கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றுக்கொண்டது. ‘அளவான ஜீவனத்துக்கு’ மீன் பிடித்து விற்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. அளவு என்றால் எவ்வளவு? அதைக் கோர்ட்டு வரையறுத்துச் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில், மீன் வளத்தைக் காக்க அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் ஒரு விளக்கம் தந்தது. அன்று தொடங்கிய சச்சரவு பிறகு பலமுறை கொதித்திருக்கிறது.

உரிமை கிடைத்துவிட்டது, பணம்? இங்கேதான் பெண்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு சங்கடம் இருக்கிறது. அவசரத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? வளையலை அடகு வைக்கிறோம். அதுவும் போதாவிட்டால் வீட்டுப் பத்திரத்தை வைக்கிறோம். கனடாவின் பூர்வகுடிச் சட்டப்படி, அவர்கள் குடியிருப்பில் உள்ள சொத்தை வெளியார் யாரிடமும் அடகு வைக்க முடியாது. வெளியார் ஏமாற்றிப் பிடுங்கிக் கொள்ளக் கூடாது என்று போட்ட வேலிதான் அது. ஆனால் வேலி இரண்டு பக்கமும் தடுக்குமல்லவா? அடகு இல்லாமல் எந்த பாங்கிக்காரர் கடன் கொடுப்பார்? கூட்டு வியாபாரம் பேச வருகிற கம்பெனிக்காரரும், “உங்கள் பங்குக்கு முதல் எங்கே?” என்றுதான் கேட்பார். முதல் இல்லாதவருக்குக் கிடைப்பது கையெழுத்துப் போடும் பங்கு; அல்லது அரசாங்கச் சலுகைக்காகப் பெயரை மட்டும் இரவல் கொடுக்கும் பங்கு. அப்படிப்பட்ட கூட்டுக்கு நம் ஊரில் ‘பினாமி’ என்று பெயர்.

மெம்பர்ட்டு மக்கள் இதற்குக் கண்ட வழி நிதானமானது. 1984-ல் டெரி பால் என்பவர் அவர்கள் தலைவரானார். தொண்ணூறுகளின் நடுவில்கூட அவர்கள் வரவு செலவில் சுமார் 10 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. வெளியூரில் படித்துப் பெரிய வேலையில் இருந்த தங்கள் பிள்ளைகளைத் திரும்பி வரும்படி அழைத்தார்கள். தலைநகரான ஹாலிபாக்ஸில், பெரிய கம்பெனிகள் இருக்கிற இடத்திலேயே ஓர் ஆபீஸ் திறந்தார்கள். கணக்குகளைச் சீர்செய்து, 2002-ல் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். பூர்வகுடி ஆட்சி மன்றங்களில் அதை முதலில் பெற்றவர்கள் இவர்களே. கணக்குப் புத்தகத்தை எதிராளி முன்னால் தைரியமாகத் திறந்து வைக்கிறவரோடு பேசுவதே தனி அல்லவா?

கடனுக்கு இன்னொரு கதவு திறந்தது. 2005-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, பூர்வகுடிச் சமூகங்களுக்கென்று ஒரு நிதி ஆணையம் ஏற்பட்டது. ஏறக்குறைய நம் சீட்டு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். தனித்தனியாகச் சிறியவர்களான பல சமூகங்கள் சேர்ந்து நிற்கின்றன. ஆணையம் அவர்கள் எல்லோருக்குமாகச் சந்தையில் கடன் பத்திரம் விற்கிறது. 2014-ல் முதல் பத்திரம் வெளியாயிற்று. நிலத்தை யாரும் அடகு கேட்பதில்லை. சமூகத்துக்கு வருகிற வருமானத்தில் தவணைக்கு உரியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைத்தான் கையில் கொடுப்பார்கள். சம்பளம் வந்த அன்றே வாடகையை எடுத்து வைக்கும் குடும்பத் தலைவியின் சாமர்த்தியம்தான் இது!

கிளியர்வாட்டருக்கும் புத்தி வர வேண்டியிருந்தது என்பேன். ஆழ்கடலில் எடுக்கும் ஒரு வகைச் சிப்பிக்கும் அந்தக் கம்பெனியே ஏகபோக உரிமைக்காரராக இருந்தது. 2018-ல் மீன்வள மந்திரி அதில் கால் பங்கை எடுத்து, பூர்வகுடிகள் கூட்டாகச் சேர்ந்த வேறொரு கம்பெனிக்கு ஒதுக்கினார். ஒரே கூச்சல்! மந்திரியின் மனைவிவழி உறவு ஒன்று அதில் சம்பந்தப்பட்டிருந்தது வெளியாகி, அவர் விதியை மீறினார் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஒதுக்கீடும் அதே வருஷத்தில் ரத்தாயிற்று. பிறகு 2019-ல் கிளியர்வாட்டர் தானே பதினான்கு பூர்வகுடிச் சமூகங்களோடு 50 வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. மேலிருந்து கட்டிவைத்த கல்யாணம் நிற்கவில்லை; தாங்களே பேசி முடித்தது நின்றது.

2020 செப்டம்பரில் மெம்பர்ட்டு அந்த எட்டு லைசென்ஸில் இரண்டை 2½ கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. சில நாட்களுக்குள், தென்மேற்குக் கரையில் வேறு காட்சி. சிபெக்னெகாட்டிக் என்ற இன்னொரு மிக்மாக் சமூகம், சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின் ஆண்டு நிறைவு நாளன்று, தன் சொந்த அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்துப் படகுகளைக் கடலில் இறக்கியது. ‘பருவம் தவறிப் பிடித்தால் இறால் அழிந்து போகும், எங்கள் பிழைப்பு என்னாவது?’ என்றார்கள் மற்ற மீனவர்கள். அக்டோபர் 17-ல் இறால் சேமிக்கும் கிடங்கு ஒன்று எரிந்து சாம்பலாயிற்று.

அந்தப் புகை அடங்குமுன், நவம்பரில், செய்தி வந்தது. மெம்பர்ட்டுவும், நியூபவுண்ட்லாந்துத் தீவின் மியாவ்புகெக் சமூகமும் முன்னின்று, ஏழு மிக்மாக் சமூகங்கள் ஒரு பக்கம். பசிபிக் கரையைச் சேர்ந்த பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற உணவுக் கம்பெனி மறு பக்கம். இருவருமாகக் கிளியர்வாட்டர் முழுவதையும் வாங்குகிறார்கள், ஆளுக்குப் பாதி! அந்த ஏழில் சிபெக்னெகாட்டிக்கும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். நிதி ஆணையம் மூலம் அவர்கள் வாங்கிய கடன் 25 கோடி டாலர். 2021 ஜனவரியில் கை மாறியது. கனடாவின் கடலில் பிடிக்கும் லைசென்ஸ்களை மிக்மாக் மக்கள் தங்கள் வசமே வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. என் அபிப்பிராயத்தில் ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுதான். நாளைக்குக் கூட்டாளியோடு மனஸ்தாபம் வந்தாலும், கடலில் வலை போடும் உரிமைச் சீட்டு இவர்கள் பெட்டியில் இருக்கும்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். உடன்படிக்கை தந்த உரிமை வேறு, விலைக்கு வாங்கிய லைசென்ஸ் வேறு. பிந்தியது அரசாங்கத்தின் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாதாரண வியாபாரம். ‘நம் கடலில் மீன் பிடிக்க நாமே கடன் வாங்கிக் காசு கொடுப்பதா?’ என்று கேட்கத்தானே தோன்றும்? கரையோரத்தில் சிறு படகில் போகிறவனுக்கு, தொலைதூரக் கடலில் ஓடும் பெரிய கப்பலின் லாபம் நேராகக் கைக்கு வராது. அது சமூகத்தின் பொதுக் கணக்குக்குப் போய், பள்ளிக்கூடமாகவோ வீடாகவோதான் திரும்பி வரவேண்டும். ‘அளவான ஜீவனம்’ என்ற சொல்லின் அளவை இந்தப் பேரம் தீர்க்கவில்லை. தீர்ப்பதற்காகச் செய்ததும் அல்ல.

கம்பெனியின் பெயர்ப் பலகையை யாரும் மாற்றவில்லை. கிளியர்வாட்டர் என்ற பழைய பெயரே நீடித்தது. கடனின் கெடு 30 வருஷம். அதாவது கடைசித் தவணை கட்ட வேண்டிய காலம் 2051. கையெழுத்தான அன்று மெம்பர்ட்டுவில் பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்த பெண் குழந்தைகள் அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார்கள்.