இவர் யாராக இருக்கலாம்?

சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறையில் நடத்திப் பார்க்கத்தக்க விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவரது பெயரை மறைத்துவிட்டு, அவர் வாழ்விலிருந்து மூன்று நான்கு செய்திகளை மட்டும் சொல்லி, "இவர் யார்?" என வினவ வேண்டும். ஆபிரகாம் லிங்கனாயின் முதற் குறிப்பிலேயே விடை வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்களை எடுத்துக்கொண்டாலோ, நன்கு கற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர்.

கண்டியில் ஆசிரியர்களும் மாணவர்களுமாய் நாங்கள் சிலர் மாதந்தோறும் கூடி இலக்கியம் பேசுவதுண்டு. அங்கே ஒருநாள் இவ்விளையாட்டைத் தொடங்கினேன். "1852 இல் நூலாக வெளிவந்த இவரது நாவல் அடிமை முறைக்கு எதிராக ஒரு நாட்டையே அசைத்தது" என்றதும், "ஹரியட் பீச்சர் ஸ்டோ!" என்று பல குரல்கள் எழுந்தன. "1847 ஒக்டோபர் முதலாந் திகதி இரவு தொலைநோக்கியின் வழியே புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டு, டென்மார்க் மன்னரின் பொற்பதக்கம் பெற்றவர்" என்றபோது ஒரேயொரு விஞ்ஞான ஆசிரியர் தயங்கித் தயங்கி மரியா மிச்செல் என்றார். இவையெல்லாம் முன்னுரை. நான் கேட்க விரும்பிய வினா மூன்றாவது.

"1796 இல் கனெக்டிக்கட் மாநிலத்தின் நோர்விச் என்னும் ஊரிற் பிறந்தார். 1819 இல் பொஸ்டன் துறைமுகத்திலே கப்பலேறினார். மீண்டும் தாய்நாட்டைக் காணவில்லை. முப்பத்தாறு வயதில் மறைந்தார். இவருடைய கொள்ளுப்பேரன் அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக விளங்கினார். இவர் மறைந்த ஊர் இலங்கையில் உள்ளது."

சபை அமைதியாயிற்று. இலங்கையிலா? கொழும்பா, காலியா என்று ஊகங்கள் பறந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலே நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர்தாம், "உடுவில் அல்லவா?" என்று மெல்லக் கேட்டார். உடுவிலேதான். ஆனால் ஊரைச் சொன்ன அவருக்கும் பெயர் உடனே நாவில் வரவில்லை. "வின்சிலோ பாதிரியாரின் மனைவி" என்றார்.

நான் கவனித்தது அந்தத் தொடரைத்தான். மைரன் வின்சிலோவைத் தமிழ் கற்றோர் நன்கறிவர். 1862 இல் சென்னையில் வெளிவந்த அவரது தமிழ் ஆங்கில அகராதியை இன்றும் புரட்டுவோர் உளர். 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை நிறுவிய ஹரியட் வின்சிலோ, கணவரின் நிழலில் நிற்கிறார். 1833 ஜனவரியில் அவர் மறைந்தபின், அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து 1835 இல் ஒரு நினைவுநூல் வெளியிட்டவரும் அக்கணவரே. அவர் தொகுத்திராவிடின் நமக்கு இவ்வளவும் எஞ்சியிராது. நன்றி கூறவேண்டிய செயல்தான். எனினும், ஒரு பெண் தன் கையால் எழுதியவற்றுள் உலகம் எதைப் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தவர் இன்னொருவர் என்பதையும் மறப்பதற்கில்லை.

அந்தக் கொள்ளுப்பேரன் ஜோன் பொஸ்டர் டலஸ். 1953 முதல் 1959 வரை இராஜாங்கச் செயலாளர். வாஷிங்டன் விமானநிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஹரியட்டின் மகள் டலஸ் குடும்பத்தில் மணம் புரிந்ததால் வந்த உறவு இது. அமெரிக்கப் பெயர்களில் அடையாளம் தேடுவோருக்கு நடுப்பெயர் ஒரு திறவுகோல். 'பொஸ்டர்' என்பது அவருடைய தாயாரின் பிறந்தகத்துப் பெயர். மணத்தோடு மறையும் பெண்ணின் குடிப்பெயர், மகனின் பெயருக்கு நடுவே இப்படி ஒளிந்து வாழ்கிறது.

காலப் பொருத்தம் ஒன்று கண்டிவாசியாகிய என்னை அடிக்கடி சிந்திக்க வைப்பது. 1815 மார்ச்சில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குள் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க மிசனின் முதற் குழு இலங்கை நோக்கிப் புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. பின்னர் 1820 இல் அரசாங்கம் இம்மிசனுக்குப் புதியவர் எவரும் வரலாகாது எனத் தடுத்தது. 1833 இல்தான் அத்தடை நீங்கிற்று. எனவே ஹரியட் பாடசாலை நடத்திய காலம் முழுவதும் தாய்நாட்டிலிருந்து உதவிக்கு ஒருவரும் வரமுடியாத காலம். நோயும் மரணமும் அச்சிறு குழுவைக் குறைத்துக்கொண்டே இருந்தன.

அடுத்த வினாவுக்கு விடை விரைவில் வந்தது. யாழ்ப்பாணத்துத் தொடர்புடையோர் அப்பெயரை மறக்கவில்லை. எலைசா அக்னியூ, 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதிலே பூகோள வகுப்பில் ஆசிரியை ஒருவர் தேசப்படத்தில் மொரீசியசைச் சுட்டிக்காட்டி, அங்கேதான் ஹரியட் நியூவெல் அடக்கஞ் செய்யப்பட்டார் எனக் கூறியதைக் கேட்டு, தாமும் கீழைத்தேயம் செல்வதென உறுதி பூண்டாராம். நியூவெல் 1812 இல் அத்தீவில் இறந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அக்னியூ 1840 இல் உடுவிலுக்கு வந்தார். 1879 வரை அப்பாடசாலையை நடத்தினார். 1883 இல் மறையும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினர் அவரிடம் படித்தனர். 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்பது அவருக்கு வழங்கிய பெயர்.

அந்த ஆயிரம் புதல்வியர் யார்? இவ்விடத்தில்தான் விளையாட்டு விளையாட்டாக இல்லாமற் போகிறது. மிசன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள அன்பர் ஒருவர் ஏற்பின், அப்பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்றொரு வழக்கம் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரல் விசுவநாதபிள்ளை என்று நாம் படிக்கும் பெயர்களில் முன்னே நிற்கும் அன்னியச் சொல் அக்காலத்து மிசன் பாடசாலை இட்ட முத்திரை. ஆண்கள் நூலெழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். ஆதலால் தமிழ்ப் பெயரும் உடன் நிலைத்தது. இதே வழக்கத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அமெரிக்கச் சீமாட்டி ஒருவரின் பெயரோடு பதிவேட்டில் நிற்கும் ஒரு மாணவி, தன் வீட்டில் என்ன பெயரால் அழைக்கப்பட்டாள்? அப்பெயருக்கு உரிய சீமாட்டிதான் யார்? ஒரே பெயருக்குள் இரண்டு பெண்கள் மறைந்திருக்க, இருவரையும் நாம் ஊகிக்கவேண்டி இருக்கிறது. என்னைக் கேட்டால், கடல் கடந்து வந்த ஆசிரியையரைவிட இம்மாணவியரைத் தேடுவதே கடினமான வேலை, அவசரமான வேலையுங்கூட.

மலைநாட்டில் இருந்துகொண்டு இதனை யாழ்ப்பாணத்துச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. தலதா மாளிகைக்கு அருகேயுள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலைக்குப் போனால், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எத்தனையோ பெண்கள் உறங்குகின்றனர். கல்லிலாவது அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. சுற்றியுள்ள தோட்டங்களில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து மலைக்குப் போன நம் பெண்களுக்கு அதுவும் இல்லை. செக்ரோலில் எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரே அவர்களுக்கு உரிய பெயராயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்நாட்டிற் பிறந்தவரிடம் தந்தையின் பிறப்பை, அன்றேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் பிறப்பைக் கேட்டது. தாய் எங்கே பிறந்தாள் என்பது அதற்கு வேண்டாத செய்தி. 2003 இல் வந்த சட்டமே எஞ்சியோரின் குறையைத் தீர்த்தது.

அன்றைய கூட்ட முடிவில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டு, தாய்வழியில் எத்தனை பெண்களின் பெயரை அறியமுடிகிறதோ அத்தனையையும் எழுதி வருமாறு கூறினேன். பெரும்பாலோர் அம்மம்மாவின் தாயோடு நின்றுவிட்டனர். சிலருக்கு அதுவும் எட்டவில்லை. கம்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் நான்கு தலைமுறை எழுதி வந்திருந்தாள். ஆனால் மூன்றாவது வரியில் இடம் விட்டிருந்தாள்.

"பெயர் தெரியவில்லையா?" என்றேன்.

"தெரியும், சேர். தோட்டப் பதிவிலே ஒரு பெயர் இருக்கிறது. வீட்டிலே கூப்பிட்டது வேறு பெயர் என்று அம்மாயி சொல்கிறார். எதை எழுதுவது?"

"இரண்டையும் எழுதும், பிள்ளை" என்றேன்.