இலையைப் பார்த்துப் பரிமாறும் விசைப்பலகை

போனில் தனக்குப் பிடித்தபடி ஒரு தமிழ் விசைப்பலகையைத் தானே செய்துகொள்ள முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாக முடியும். எந்த எழுத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது என்றுதான் பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது சுலபமான பகுதி. முன்னால் இருப்பதைப் பார்த்து விசை என்ன தர வேண்டும் என்று முடிவுசெய்வதுதான் கடினம்.

தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் 'பந்து' என்று அடித்துப் பாருங்கள். ப, ந, த, உ: நான்கே தட்டு. 'ந'வுக்குப் புள்ளி யார் வைத்தார்கள்? 'த'வைத் தட்டியதும், கர்சருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று விசைப்பலகை, நீங்கள் எழுதும் செயலியிடம் கேட்கிறது. 'ந' என்று பதில் வந்தால் முதலில் ஒரு புள்ளி, பிறகு 'த'. ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற என எல்லா இன எழுத்துகளுக்கும் இதே விதி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினாலும் இப்படித்தான். 'உ' விசையும் சொல்லின் தொடக்கத்தில் 'உ' தருகிறது. 'த'வுக்குப் பின்னால் வந்தால் 'து' என்று ஒட்டிக்கொள்கிறது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரும் இப்படித்தான், இலையைப் பார்த்துத்தான் கரண்டியை எடுக்கிறார். வெறும் சோறு கிடந்தால் சாம்பார், சாம்பார் சோறு தீர்ந்திருந்தால் ரசம். ஆனால் "போதும்" என்று நீங்கள் சொன்னது இலையில் தெரியாது; அவர் நினைவில்தான் இருக்கும். 'பப்பாளி'யில் சிக்கல் அங்கேதான். ப, ப என்று அடித்தால் முதல் எழுத்திலேயே புள்ளி விழுந்து 'ப்ப' ஆகிவிடும். அதனால் ப, அ, ப, ப, ஆ, ள, இ என்று அடிக்க வேண்டும். நடுவில் தட்டிய 'அ'தான் அந்தப் "போதும்". திரையில் அது எதையும் விட்டுச்செல்வதில்லை. விசைப்பலகை தனியாக ஒரு குறி போட்டு நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் கர்சரை வேறிடத்துக்கு நகர்த்தித் திரும்பி வந்தால் ஆள் மாறிய பந்திதான்; புதியவருக்கு இலை மட்டுமே தெரியும். சொந்தமாக விசைப்பலகை செய்கிறவர்கள் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது. கர்சருக்கு முன்னால் என்ன என்று கேட்டால் சில செயலிகள் பதிலே தருவதில்லை, அதையும் சோதியுங்கள்.

வரலாறு சுருக்கமாக: தமிழ்99 தமிழக அரசின் தரமானது 1999-இல். ஆண்ட்ராய்டு 2009-இலும் ஐபோன் 2014-இலும் வெளியார் செய்த விசைப்பலகைகளுக்கு இடம்கொடுத்தன. கீமேன் என்ற இலவசக் கருவியில் இந்த விதிகளை வரிவரியாக எழுதி, போனில் நிறுவிக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவு விசைப்பலகை என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. அடுத்த சொல்லை ஊகிப்பதற்கு அது உதவலாம். புள்ளி வைக்க இன எழுத்து விதியே போதும். 'ந'வுக்குப் பின் 'த' வந்தால் அங்கே ஊகிக்க ஒன்றுமில்லை.

இலையைப் பார்க்கிறவர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் ஆண்ட்ராய்டு, நீங்கள் அடிப்பதையெல்லாம் புதிய விசைப்பலகை சேகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஐபோனில் முழு அணுகல் தராவிட்டால் அந்த விசைப்பலகைக்கு இணையம் கிடையாது. கடவுச்சொல் கட்டத்தில் ஐபோன் தன் சொந்த விசைப்பலகையையே கொண்டுவந்துவிடும். ஆண்ட்ராய்டுக்கு நீங்களே ஒன்று எழுதினால் இணைய அனுமதியைக் கேட்கவே வேண்டாம். புள்ளி வைக்க இணையம் எதற்கு?