மறைந்துவரும் திரை விளையாட்டுகள்

தில்லி சாணக்யபுரியில், கௌடில்ய மார்க்கத்திலுள்ள தமிழ்நாடு இல்லத்தை அறியாத தில்லித் தமிழர் மிகச் சிலரே. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினரைக் காணச் சென்று, காப்பி அருந்தித் திரும்பியிருப்போம். அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென 1950-களில் உருவாக்கப்பட்ட இந்நகர்ப்பகுதிக்கும் அச்சாலைக்கும், சந்திரகுப்த மௌரியனை அரியணை ஏற்றிய அமைச்சரின் இரு பெயர்களை இட்டிருக்கிறார்கள். அச்சந்திரகுப்தனுக்கு வேறொரு நினைவுச்சின்னமும் உண்டு. அதுதான் எவர் கண்ணிலும் படுவதில்லை. அது ஒரு வீடியோ விளையாட்டு.

‘சந்திரகுப்தா: வாரியர் பிரின்ஸ்’ என்பது அதன் பெயர். சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கையடக்கக் கருவிக்காக, 2010-களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே உருவாயிற்று. பக்கவாட்டில் நகரும் திரையில், ஆடுபவர் இளவரசனை ஓடவும் தாவவும் செய்து, பகைவரை வீழ்த்தி முன்னேற வேண்டும். சாணக்கியர் என்றதும் நம் நினைவுக்கு வருவது மதிநுட்பம். ஆட்டத்திலோ வாள்வீச்சே மிகுதி. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. அரசியல் சூழ்ச்சியைச் சில பொத்தான்களைக் கொண்டு ஆடிக்காட்டுவது எளிய செயலன்று.

இவ்விளையாட்டை இன்று ஆட விரும்புவோர் என்ன செய்வர்? அது பதிவாகியிருந்த சிறு வட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கியது. அந்தக் கருவியன்றி வேறெதிலும் சுழலாது. கருவியின் உற்பத்தியோ 2014-இல் நின்றுவிட்டது. நம் நாட்டில் அச்சாகும் நூல்களுக்கு ஒரு காவல் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு நூலின் படியையும் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம், தில்லிப் பொது நூலகம் முதலியவற்றிற்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தனர். வீடியோ விளையாட்டு அதன் வரம்பிற்குள் வரவில்லை. யாரும் வாங்காத கவிதைத் தொகுதிகூட நூலகத்தில் உறங்கிக்கொண்டாவது இருக்கும். திரை விளையாட்டுக்கு அந்த உறக்கமும் இல்லை. பெருஞ்சந்தையான அமெரிக்காவிலேயே நிலைமை கவலைக்குரியது. 2010-க்கு முன் அங்கு வெளியானவற்றுள் நூற்றுக்கு 87 இப்போது விற்பனையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

ஆகவேதான், ஆட்டம் இன்னது, இவ்வாறு ஆடப்பட்டது என்னும் நாலுவரிக் குறிப்புக்கும் ஒரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

ஐதராபாத்தில் உருவாகி 2009-இல் வெளியான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு, முழுவதும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் ஆட்டம் என்று அதை விளம்பரம் செய்தார்கள். இளம் அனுமனைக் குதிக்கவும் போரிடவும் செய்வதே ஆட்டம். வழிபடும் தெய்வத்தை ஆடுவோரின் விரலசைவுக்கு ஆட்படுத்துவதா என்று அமெரிக்காவிலிருந்து கண்டனக் குரல் எழுந்தது. ஆட்டத்தை மறந்தவர்களும் அந்தச் சர்ச்சையை நினைவில் வைத்திருக்கிறார்கள்! அதே ஆண்டு, அதே நகரிலிருந்து வந்தது ‘தேசி அட்டா’. அதில் சடுகுடு உண்டு, கிட்டிப்புள் உண்டு, பட்டம் விடுதலும் உண்டு. புழுதியில் மூச்சடக்கிப் பாடிச்செல்லும் ஆட்டத்தை விரல்நுனிக்கு எப்படி மாற்றினார்கள்? நல்ல குறிப்பு என்பது இவ்வினாவிற்கு விடைகூற வேண்டும். பெயரும் ஆண்டும் மட்டும் எழுதிவைத்தால் போதாது.

பெயரை நம்பக் கூடாது என்பதை நான் என் வீட்டிலேயே கற்றேன். 1990-களில் கன்னாட் பிளேஸின் நிலத்தடிச் சந்தையான பாலிகா பஜாரில், தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் மலிவான கருவிகள் விற்றன. ஜப்பானிய நின்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்த போலிகள் அவை. அதில் செருகும் பெட்டியைப் பிள்ளைகள் ‘கேசட்’ என்றே அழைத்தார்கள். மேலுறையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பல பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். நான் பணி ஓய்வு பெற்று, இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பைக் காலிசெய்தபோது, என் மகனின் கேசட்டுகள் அனைத்தும் கபாடிக்காரரின் தராசில் ஏறின. தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மகன் தொலைபேசியில் கேட்டான்: “அப்பா, சிங்கத்தின் முதுகில் ஏறி நெருப்பு வளையங்களைத் தாண்டுவேனே, அந்த ஆட்டத்தின் பெயர் நினைவிருக்கிறதா?” எனக்குப் பெயர் நினைவில்லை. ஆனால் முதலில் சிங்கம், பிறகு குரங்குகள் எதிரே வரும் கயிறு, பின்னர் உருளும் பந்துகள், குதிரை, கடைசியில் ஊஞ்சல் என்று அவன் வரிசையாகச் சொன்ன விவரத்தைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்தோம். கொனாமி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ‘சர்க்கஸ் சார்லி’ அது. நின்டெண்டோ கருவியில் ஆடும் வடிவில் அமெரிக்காவில் அது வெளியிடப்படவே இல்லை. அங்கே பலர் அறியாத ஆட்டம், இங்கே தெருவெல்லாம் தெரிந்த ஆட்டம்! அதே ஆண்டின் ‘ரோடு ஃபைட்டர்’ காரோட்டமும் அத்தகையதே. எரிபொருள் குறைந்துகொண்டே போகும். மோதினால் இன்னும் குறையும். வழியில் வரும் பலவண்ணக் கார் ஒன்றைத் தொட்டால் சற்றுக் கூடும்.

உங்கள் இல்லத்துப் பரணில் இத்தகைய கேசட்டோ வட்டோ இருந்தால், இடமாற்ற உத்தரவு வருமுன் எடுத்துப் பாருங்கள். கருவி இயங்காவிடினும் குறிப்பு எழுதலாம். திரையில் முதலில் தோன்றுவது எது, எந்தப் பொத்தான் எதைச் செய்யும், உயிர் எப்போது போகும், ஆட்டம் முடிவது எங்கே, யாருடன் அமர்ந்து ஆடினீர்கள் என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு அதனுடன் வையுங்கள். என் மகன் தன் தாளை எழுதி முடித்து, கேசட்டின் நிறத்தை மட்டும் என்னிடம் கேட்டான். மஞ்சள் என்றேன்.