ஜட்கா வண்டியும் நெம்புகோலும்

ஆரணிக்கு ரயிலில் வருபவர் ஊருக்குள் இறங்க முடியாது. 'ஆரணி ரோடு' நிலையம் சில கல் தள்ளிக் களம்பூரில் உள்ளது. இத்தகைய ரயிலடிகளில் முன்னாளில் ஜட்கா எனும் குதிரை வண்டி காத்து நிற்கும். ஏறியதும், "முன்னே தள்ளி உட்காருங்க" என்பார் வண்டிக்காரர். ஏன்?

இரண்டே சக்கரமுள்ள ஜட்கா ஒரு நெம்புகோல். அச்சே அதன் ஆதாரம். பாரம் பின்னே சாய்ந்தால் முன்கட்டைகள் மேலெழும்பி, வயிற்றுவார் குதிரையைத் தூக்கும். முன்னே மிகுந்தால் அதன் முதுகு அழுந்தும். சமமாக இருந்தால்தான் குதிரைக்கு இழுக்கும் வேலை மட்டும் மிஞ்சும். பள்ளிப்படி மிதியாத வண்டிக்காரரும் இந்தப் பௌதிகத்தை அறிந்திருந்தார்.

பேருந்தும் ஆட்டோவும் வந்தபின் ஜட்கா அருகிப் போயிற்று. ஆயினும், வாயில்லாப் பிராணி வருந்தாதிருக்கச் சற்றே நகர்ந்து அமரும் பண்பு நம்மை விட்டுப் போகலாகாது.