ஸ்கேன் பில்லில் ஒளிந்திருக்கும் ‘கட்’!

“டாக்டர் சொன்ன சென்டர்லதான் எடுக்கணுமாம். வேற எங்க எடுத்தாலும் ரிப்போர்ட் சரியா இருக்காதாம்!”

இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் உண்டா? முதுகுவலி என்று போனால் எம்.ஆர்.ஐ., தலைவலி என்று போனால் சி.டி. ஸ்கேன்... சீட்டிலேயே சென்டரின் பெயரும் அச்சாகியிருக்கும். எல்லா டாக்டர்களும் அப்படி இல்லை. ஆனால், பல ஊர்களில் அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடுகிறது. அதற்குப் பேர் ‘கட்’. கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால், ‘ரெஃபரல் ஃபீஸ்’.

‘வீட்டு புரோக்கர் கமிஷன் வாங்கலையா? எலெக்ட்ரீஷியன் தனக்குத் தெரிந்த பிளம்பரைக் கைகாட்டிவிட்டு நூறு, இருநூறு பார்க்கிறதில்லையா?’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், பிளம்பர் சொல்லும் ரேட் கட்டுப்படியாகாவிட்டால், ‘நீ போப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அனுப்பிவிடுவீர்கள். வலியோடு நிற்கும்போது டாக்டர் எழுதிக் கொடுத்ததற்குப் பேரம் பேச யாருக்கு வாய் வரும்?

சரி, எவ்வளவு கைமாறுகிறது? 2017 நவம்பரில் பெங்களூரில் சில பரிசோதனைக் கூடங்களிலும் கருத்தரிப்பு மையங்களிலும் வருமான வரித்துறை சோதனை போட்டது. பிறகு அந்தத் துறையே சொன்ன தகவல் இது: ஆளை அனுப்பும் டாக்டருக்கு எம்.ஆர்.ஐ. என்றால் 35 சதவீதம், சி.டி. ஸ்கேன், லேப் டெஸ்ட் என்றால் 20 சதவீதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரொக்கம், முன்பணம், சென்டரிலேயே ஆலோசகராக இருப்பதுபோலக் காட்டி செக் என்று வழிகள் பல. கணக்குப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? மார்க்கெட்டிங் செலவு!

இதே ரேட் உங்கள் ஊரிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 7,000 ரூபாய் எம்.ஆர்.ஐ.யில் 2,450 ரூபாய் ஸ்கேனுக்கே போகவில்லை.

சின்ன லேப்காரர் பாடும் திண்டாட்டம்தான். பக்கத்துத் தெரு லேப் கொடுக்கிறது. இவர் கொடுக்காவிட்டால் கேஸ் வராது. வாடகை, டெக்னீஷியன் சம்பளம், மெஷின் கடன் எதுவும் நிற்காது. கொடுத்துவிட்டால் அதை எங்கே எடுப்பது? ஒன்று, ரேட்டை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் டெஸ்ட்டின் தரத்தில் கை வைக்க வேண்டும். இரண்டும் நம் தலையில்தான்.

பணம்கூடப் போகட்டும். உடம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் பெரிய கவலை. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். அதற்குள் ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது; 80 வயதில் 96 சதவீதம்! நரைமுடி மாதிரிதான் இதுவும். ஆனால் ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று பார்த்ததும் நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. அடுத்து ஊசி, ஆபரேஷன், இன்னொரு சீட்டு... சி.டி. ஸ்கேன் என்றால் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்கிறது. ஒரு வயிற்று சி.டி.யில் ஏறும் அளவு, மார்பு எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு.

அதற்காக எல்லா ஸ்கேனையும் மறுத்துவிடாதீர்கள். முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தாலோ உடனே பார்த்தாக வேண்டும். பக்கவாதம், தலையில் பலத்த அடி என்றால் டாக்டர் சொல்லும் சி.டி.க்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அங்கே கமிஷன் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளியையோ ரத்த மாதிரியையோ அனுப்புவதற்காக டாக்டர் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், அந்த விதி டாக்டரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். டாக்டர் அல்லாத சென்டர் முதலாளியும், ஆள் பிடித்துவரும் ஆட்டோக்காரரும் அதற்குள் வரமாட்டார்கள். கைமாறும் ரொக்கத்துக்கு ரசீதும் கிடையாது.

ஆகவே, அவசரம் இல்லாத டெஸ்ட் என்றால், டாக்டரிடம் பணிவாக இரண்டு கேள்வி கேளுங்கள். “இந்த ரிசல்ட் எப்படி வந்தா ட்ரீட்மென்ட் மாறும் டாக்டர்?” “வேற நல்ல சென்டர்ல எடுத்துட்டு வரலாமா?” நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், பொறுமையாகச் சொல்வார். பிறகு இரண்டு, மூன்று சென்டருக்குப் போன் போட்டு ரேட் விசாரியுங்கள். “யாரும் அனுப்பலைங்க, நாங்களாத்தான் வர்றோம். குறைச்சுப் போடுவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். லேப் என்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்பதையும் கேளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்கள் இருக்கின்றன; கட்டணம் குறைவு. ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அடுத்த டாக்டர், “புதுசா எடுத்துட்டு வாங்க” என்றால், முதலில் அந்த ஃபைலை எடுத்து நீட்டுங்கள்.